அப்பாவுக்குப் பசிக்காத கடைகள்

அப்பா உணவகங்களின் புகைக்குழாய்களைச் சுத்தம் செய்தவர். முப்பத்தொரு வருடம் அதே வேலை.

சமையலறை அடுப்புகளுக்கு மேலே ஒரு தகரக் கூண்டு இருக்கும். புகையும் எண்ணெய் ஆவியும் அதற்குள் ஏறி, நீண்ட குழாய் வழியாகக் கூரைக்குப் போகும். போகிற வழியெல்லாம் எண்ணெய் படியும். சுரண்டாமல் விட்டால் ஒரு நாள் தீப்பிடிக்கும். சுரண்டுவதற்கு ஒரு ஆள் குழாய்க்குள் போக வேண்டும். அந்த ஆள்தான் அப்பா. அவருடைய எடை ஐம்பத்திரண்டு கிலோவுக்கு மேல் போனதே இல்லை. கூட வேலை செய்தவர்கள் அவருக்கு எலி என்று பெயர் வைத்திருந்தார்கள். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்கு ஏணி என்று பெயர். ஆள் உயரமும் அப்படித்தான். இருபத்தாறு வருடம் எலி மேலே, ஏணி கீழே. நான் அவரை ஏணி சித்தப்பா என்று கூப்பிடுவேன். அவரும் மறுத்ததில்லை.

மதியக் கூட்டம் கலைந்ததிலிருந்து மாலையில் கடை திறக்கும்வரை அவர்களுக்குக் கிடைப்பது இரண்டரை மணி நேரம். அதற்குள் அடுப்புகளைப் போர்த்தி மூட வேண்டும். சல்லடைத் தகடுகளைக் கழற்றி, காஸ்டிக் சோடா கரைத்த காரத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். குழாயின் கதவைத் திறந்து உள்ளே போய்ச் சுரண்டி, வாளி வாளியாக இறக்கி, தரையைத் துடைத்து, எல்லாவற்றையும் பழையபடி மாட்ட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் யாரிடமும் பேசாமல் நேராகக் குளியலறைக்குப் போவார். அவருடைய சோப்பு தனி, துண்டு தனி. முழங்கை வரைக்கும் அந்தக் காரத் தண்ணீர் பட்ட தழும்புகள்.

எனக்கு அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வகத்தில் வேலை. அழுத்தமானி, வெப்பமானி, தராசு. ஒரு கருவி சரியாகக் காட்டுகிறதா என்று அதை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. சரி என்று ஏற்கெனவே உறுதியான ஒன்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு எண்ணெய்ப் படிவின் தடிமனை அளக்கும் கருவி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். சீப்பு மாதிரி இருக்கும். ஒரு வாரம் பயன்படுத்தினார். பிறகு ஏணி சித்தப்பா அதை எடுத்துத் தலை சீவ ஆரம்பித்தார். அவர் தலையில் முடி இல்லாததால் கருவிக்குச் சேதமில்லை.

"அளந்து என்ன எஞ்சினியரம்மா? எனக்கு நகம் இருக்கு," என்றார் அப்பா. கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறல் கீறிவிட்டு, ரெண்டு மில்லி என்பார். ஒரு முறை அவர் சொன்னதற்குப் பின்னால் நானே அளந்தேன். இரண்டே கால்.

தடிமனைவிட, படிந்திருப்பது எப்படி இருக்கிறது என்பதுதான் அவருக்கு முக்கியம். புது எண்ணெயில் சமைக்கிற கடையின் குழாயில் படிவது மெத்தென்று, தேன் நிறத்தில், துணியால் துடைத்தாலே வந்துவிடும். காய்ச்சிய எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சுகிற கடையில் அது வார்னிஷ் அடித்த மரம் மாதிரி இறுகிக் கருத்துப் போயிருக்கும். உளி வைத்துத் தட்டினால்தான் பெயரும். மிளகாய் அதிகம் வறுக்கிற கடைகளில் குழாய்க் கதவைத் திறந்ததும் தும்மல் வரும். வராவிட்டால் மிளகாய் பழையது. இதையெல்லாம் சாப்பிடும்போது சொல்வார். எந்தக் கடை என்று மட்டும் சொல்ல மாட்டார். நல்ல கடையின் பெயரையும் சொல்ல மாட்டார்.

"நல்லதைச் சொன்னா என்னப்பா?"

"நாலு நல்ல கடையைச் சொன்னா, அஞ்சாவது எதுன்னு நீயே கண்டுபிடிச்சுடுவே. அடுத்தவன் அடுப்படிக்குள்ள நம்பி விடுறான். பாத்ததை அங்கேயே விட்டுட்டு வரணும்."

ஆனால் எங்களை அவர் கண்ட கடையில் சாப்பிட விட்டதும் இல்லை. அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். யாராவது எங்களை ஒரு கடைக்குக் கூட்டிக்கொண்டு போனால், வாசலிலேயே நின்று, "எனக்குப் பசி இல்ல. டீ மட்டும் போதும்," என்பார். உடனே அம்மாவுக்குத் தலைவலி வந்துவிடும். நாங்கள் வீட்டுக்குத் திரும்பிவிடுவோம். அப்பாவுக்குச் சின்ன வயிறு, அம்மாவுக்கு அடிக்கடி தலைவலி என்றுதான் நான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். கல்லூரிக்குப் போன பிறகுதான் புரிந்தது.

பழைய ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு தெரு இருக்கிறது. அதில் சீனாவின் சிச்சுவான் பக்கத்துச் சமையல் செய்கிற உணவகங்கள் பதினொன்று. எட்டு அப்பாவின் கைக்கு வந்தவை. அம்மாவிடம் அடிக்கடி சொல்வார்: "அந்தத் தெருவுல ஒண்ணு இருக்கு. விலையும் நியாயம், வயித்துக்கும் நியாயம். ஒரு நாள் உன்னைக் கூட்டிட்டுப் போறேன்." அந்த ஒரு நாள் வரவில்லை. விடுமுறை நாளில் உணவகம் என்றாலே அவர் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும்.

போன வருடம் அவருக்கு நுரையீரலில் நோய் வந்தது. சிகிச்சை முதலில் முடியை எடுத்தது. பிறகு ருசியை எடுத்தது. "வாயில தகரத்தை வச்ச மாதிரி இருக்கு," என்றார். எதைக் கொடுத்தாலும் இரண்டு வாய்தான்.

நான் தேடிப் படித்தேன். சிச்சுவான் சமையலில் போடுகிற மிளகு நம் மிளகு இல்லை. அது நாக்கை மரத்துப்போக வைக்கும், உதட்டில் விறுவிறு என்று ஓடும். அந்த விறுவிறுப்பு ருசி அல்ல, தொடு உணர்ச்சி. நரம்பு வேறு. ருசி போனாலும் அது மிஞ்சியிருக்க வாய்ப்பு உண்டு. அப்பாவை அந்தத் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவு செய்தேன்.

எந்தக் கடை என்று அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல மாட்டார். நானே அட்டவணை போட்டேன். பதினொரு கடைகள். மருத்துவமனையிலிருந்து தூரம், ஏற வேண்டிய படிகள், இருவர் சாப்பிடும் செலவு, காத்திருக்கும் நேரம், சாப்பிட்டவர்கள் கொடுத்த மதிப்பெண். மதிப்பெண்களில் மிக அதிகமானதையும் மிகக் குறைந்ததையும் வெட்டிவிட்டுச் சராசரி எடுத்தேன். ஒரு கடை எல்லாவற்றிலும் மேலே வந்தது. சிவப்புக் கதவு, தரைத்தளம், மதியச் சாப்பாடு மலிவு.

ஒரு வியாழக்கிழமை மதியம், மருத்துவமனையிலிருந்து நேராகப் போனோம். நாங்கள் இரண்டு பேர் மட்டும். சிவப்புக் கதவின் முன்னால் அப்பா நின்றார். மூச்சு வாங்குகிறது என்று நினைத்தேன்.

"இதுவா?"

"இதுதாம்பா. எல்லாத்துலயும் இதுதான் முதல்ல வந்துச்சு."

"நீ போட்ட கணக்கா?"

"ஆமா."

"அப்ப சரி," என்று கதவைத் தள்ளினார்.

டோஃபு என்கிற சோயாக் கட்டியும் காய்ந்த மிளகாயில் புரட்டிய கோழியும் வாங்கினோம். தட்டில் மிளகாய் மலை மாதிரி இருந்தது. அதற்குள் கோழியைத் தேட வேண்டியிருந்தது. "இது சாப்பாடா, புதையலா?" என்றார். சோறு இரண்டாம் முறை வாங்கினார். மூன்று மாதத்தில் முதல் தடவை.

"விறுவிறுன்னு இருக்காப்பா?"

"இருக்கு எஞ்சினியரம்மா. நாக்கு திரும்பி வந்துடுச்சு."

எனக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. லேசாக ஏதோ உதட்டில். 'மிதம்' என்று அட்டவணையில் எழுதிக்கொண்டேன். நான் முக்கியமாக எடுத்துக்கொண்டது வேறு ஒன்று. அப்பா டீ போதும் என்று சொல்லவில்லை. அவருக்குப் பசித்தது. அதனால் கடை தேறியது. அம்மாவிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்த கடையும் இதுவாகத்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு அவர் வெளியில் எங்கும் சாப்பிடவில்லை. இருபத்து மூன்று நாளில் போய்விட்டார்.

இந்த ஆறு மாதத்தில் நான் பிடித்துக்கொண்டிருந்தது அந்த மதியச் சாப்பாட்டை மட்டும்தான். அவரைச் சீக்கிரம் மருத்துவமனைக்குக் கூட்டிப் போகவில்லை. அந்த இருமலை வேலையால் வந்தது என்று விட்டுவிட்டேன். இரண்டாவது மருத்துவரைப் பார்க்கவில்லை. ஆனால் அந்த ஒன்றைச் சரியாகச் செய்தேன்.

அம்மா ரொட்டியும் டீயுமாக ஓட்டிக்கொண்டிருந்தாள். "ஒருத்திக்கு எதுக்கு அடுப்பு," என்றாள். நான் சமைத்து வைத்தாலும் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுவாள். போன வாரம் அவளாகவே ஒன்று கேட்டாள்.

"அவர் கூட்டிட்டுப் போறேன்னு சொன்ன கடை இருக்கே. அங்க ஒரு தடவை கூட்டிட்டுப் போடி. ஒரே ஒரு தடவை. அதுக்கப்புறம் உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

எந்தக் கடை என்று எனக்குத் தெரியும் என்றேன். இருந்தாலும் இன்னொரு கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம் என்று ஏணி சித்தப்பாவைத் தேடிப் போனேன். கிடங்கில் வாளி கழுவிக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, அந்தத் தெருவுல அம்மாவைக் கூட்டிட்டுப் போறேன்னு அப்பா சொன்ன கடை எதுன்னு தெரியுமா?"

"எனக்கென்ன தெரியும்."

"இருபத்தாறு வருஷம் ஏணி பிடிச்சீங்க."

"ஏணியைத்தானே பிடிச்சேன். அவர் வாயையா பிடிச்சேன்?"

"எனக்குத் தெரியும்னு நினைக்கிறேன். பேரைச் சொல்றேன். ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லுங்க."

"பேரைச் சொல்லாதே பாப்பா. சொன்னா என் மூஞ்சியைப் பாப்பே. எனக்கு மூஞ்சியை மறைக்கத் தெரியாது." வாளியைக் கவிழ்த்து வைத்தார். "அண்ணன் இல்லங்கிறதுக்காக அவர் கட்டிக் காப்பாத்தினதை நான் அவுத்து விட முடியுமா? ஒவ்வொரு கடையிலயும் பத்துப் பதினஞ்சு பேர் வேலை செய்யுறாங்க."

"சரி. ஞாயித்துக்கிழமை மதியம் எங்களோட சாப்பிட வாங்க."

என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "சாப்பிடக் கூப்பிட்டா வர்றதுல தப்பில்ல," என்றார்.

ஞாயிறன்று பேருந்தில் வரும்போதே சித்தப்பா பசி உயிர் போகிறது என்று இரண்டு முறை சொன்னார். காலையில் ஒன்றும் சாப்பிடவில்லையாம். "ஓசிச் சோறுன்னா முதல் நாளே வயித்தைக் காலி பண்ணிடுவாரு," என்றாள் அம்மா. ஆறு மாதத்தில் அவள் யாரையும் கிண்டல் செய்து நான் கேட்கவில்லை. தெரு முனையில் இறங்கி நடந்தோம். நான் முன்னால் போய்ச் சிவப்புக் கதவின் கைப்பிடியில் கை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

சித்தப்பா தெருவில் நின்றிருந்தார்.

"எனக்குப் பசி இல்ல பாப்பா," என்றார். "டீ மட்டும் போதும்."

அம்மா அவரைப் பார்த்தாள். பிறகு என்னை. என் கை கைப்பிடியிலேயே இருந்தது. உள்ளேயிருந்து யாரோ கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்கள். நான் ஒதுங்கி வழிவிட்டேன்.

"அப்பாவை நான் இங்கதான் கூட்டிட்டு வந்தேன்," என்றேன்.

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"சமீபத்துல சமையல் ஆளுங்க மாறிட்டாங்களோ? எப்பலேர்ந்து உங்களுக்கு இங்க பசிக்கல சித்தப்பா?"

"ரொம்ப வருஷமா."

"அப்பாவுக்கு?"

"எனக்கு முன்னாடியே."

"இங்கயா கூட்டிட்டு வந்தே?" என்றாள் அம்மா. குரலில் கோபம் இல்லை. விவரம் கேட்கிற மாதிரி கேட்டாள். "சாப்பிட்டாரா?"

"ரெண்டு தடவை சோறு வாங்கினாரு."

சித்தப்பா தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "ஆஸ்பத்திரியில பாக்கப் போனப்ப சொன்னாரு. எம் பொண்ணு பதினோரு கடையைத் தராசுல போட்டு ஒண்ணை எடுத்தாடா, கூட்டிட்டுப் போனா, நல்ல கடைன்னாரு. எதுன்னு நானும் கேக்கல, அவரும் சொல்லல. அண்ணன் வாயிலேர்ந்து ஒரு கடையை நல்ல கடைன்னு கேட்டது அந்த ஒரு தடவைதான்."

நான் கைப்பிடியை விட்டேன்.

அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "நட," என்றாள். "எனக்குப் பசிக்குது."

தெருவில் மேலே போனோம். ஒரு கடை வாசலில் நான் நடையைக் குறைத்தேன். சித்தப்பா கைபேசியைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போனார். இன்னொன்றில் நின்று வாசலில் மாட்டியிருந்த பட்டியலை முழுக்கப் படித்தார். கொஞ்சம் யோசித்தார். தாண்டினார். சாவி செய்கிறவரின் கடைக்குப் பக்கத்தில் குறுகலான மாடிப்படி ஒன்று இருந்தது. பெயர்ப்பலகையில் பாதி எழுத்து உதிர்ந்திருந்தது. என் அட்டவணையில் அது ஒன்பதாவது. படிகள் அதிகம், மதிப்பிட்டவர்கள் குறைவு. அங்கே நின்று வயிற்றைத் தடவிக்கொண்டார்.

"இப்பதான் பசி எடுக்குற மாதிரி இருக்கு."

பாதிப் படியிலேயே நான் தும்மினேன். மூன்று முறை. சித்தப்பா முகத்தை மறைத்துக்கொள்ளவில்லை.

எட்டு மேசைகள். சமையல் செய்கிற அம்மாள் அடுப்படி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, சித்தப்பாவைப் பார்த்ததும் திடுக்கிட்டாள்.

"இன்னிக்கு உங்க நாள் இல்லையே. கூட்ட நேரத்துல அடுப்பை மூடச் சொன்னா எப்படி?"

"சாப்பிட வந்திருக்கேம்மா. நானும் மனுஷன்தான்."

"எங்க, அவரை ரொம்ப நாளாக் காணோம்? மேல போறவரு?"

சித்தப்பா வாயைத் திறந்தார். அம்மா முந்திக்கொண்டாள். "நான் அவரோட வீட்டுக்காரி. என்னைக் கூட்டிட்டு வர்றேன்னு சொல்லியிருந்தாரு. முடியல. அதான் நாங்களா வந்துட்டோம்."

அந்த அம்மாள் அவளையே பார்த்தாள். கையைத் துணியில் துடைத்தாள். "ஜன்னல் ஓரமா உக்காருங்க," என்றாள். "அங்க காத்து வரும்."

நான் அதே இரண்டு உணவுகளைச் சொன்னேன். டோஃபு வந்தது. முதல் கரண்டியில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் உதடு துடித்தது. பிறகு நாக்கின் நுனி, ஓரம், மேலண்ணம் என்று விறுவிறுப்பு ஓடியது. மின்கலத்தை நாக்கில் வைத்த மாதிரி. தண்ணீர் குடித்தால் தண்ணீரும் புளித்தது.

"நாக்கு எங்க போச்சுன்னே தெரியலடி," என்றாள் அம்மா. கண்ணில் தண்ணீர். மிளகாயா என்று நான் கேட்கவில்லை. "இதுக்குத்தான் மனுஷன் இத்தனை வருஷம் நாள் பாத்தாரா?" என்று சொல்லிக்கொண்டே சோற்றுக் கிண்ணத்தை நீட்டினாள். இன்னொரு முறை.

நான் சாப்பிட்டுக்கொண்டே கணக்குப் பார்த்தேன். அந்தச் சிவப்புக் கதவுக் கடையில் இதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. என் நாக்குக்கே தெரியவில்லை என்றால், தகரம் வைத்த நாக்குக்கு என்ன தெரிந்திருக்கும்? ஒன்றும் தெரிந்திருக்காது. பழைய எண்ணெயில் புரண்ட கோழியை, ருசி இல்லாத வாயில், என்ன எண்ணெய் என்று தெரிந்தே தின்றிருக்கிறார். நாக்கு திரும்பி வந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு அன்று இன்னொரு சாப்பாடு இருக்கவில்லை. அவரைத்தான் வைத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் இருந்ததிலேயே சரியான கருவி அவர். எனக்காக ஒரு முறை அவர் தவறாகக் காட்டியிருக்கிறார்.

கிளம்பும்போது சமையல் அம்மாள் படி வரை வந்தாள். "குழாயை அவர் துடைச்சா, கடைசித் துணி வெள்ளையா வரும். காட்டுவாரு," என்றாள் அம்மாவிடம். "இப்ப வர்ற ஆளு காட்டுறதில்ல." அடுத்த தடவை காட்டச் சொல்கிறேன் என்றார் சித்தப்பா.

அன்று மாலை அம்மா அடுப்பைப் பற்ற வைத்தாள். தினமும் பற்ற வைக்கிறாள் என்று சொல்ல மாட்டேன். நேற்று வைத்தாள்.

அட்டவணை இன்னும் என் கணினியில் இருக்கிறது. அலுவலகத்தில் ஒருவர், நல்ல சிச்சுவான் கடை ஏதாவது தெரியுமா, ரொம்ப விலை இல்லாமல், என்று கேட்டார். தெரியாது என்றேன்.

புதன்கிழமை அந்தப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தராசு சரிபார்க்கும் வேலை இருந்தது. மதியம் முடிந்தது. சிவப்புக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். நாங்கள் உட்கார்ந்த மேசை காலியாக இருந்தது. பரிமாறுகிறவர் வந்தார்.

"டீ மட்டும் போதும்," என்றேன்.

அவர் பாதி தூரம் போன பிறகு கூப்பிட்டு, டோஃபுவும் கோழியும் சோறும் கேட்டேன். எண்ணெய் வாசனை முதல் வாயிலேயே தெரிந்தது. இப்போது எனக்குத் தெரிகிறது. எழுந்து போக வேண்டும் என்று வயிறு சொன்னது. மெதுவாகச் சாப்பிட்டேன். அப்பாவுக்கு அன்று நாற்பது நிமிடம் ஆனது. எனக்கு அதைவிட அதிகமாக ஆனது. மிளகாயை ஒதுக்கி ஒதுக்கிக் கடைசித் துண்டு வரை தேடி எடுத்தேன். சோறு இரண்டாம் முறை வாங்கினேன்.

தட்டை எடுக்க வந்தவர், எப்படி இருந்தது என்று கேட்டார்.

நல்லா இருந்துச்சு என்றேன்.